கிளட்ச் சத்தம்: எங்கே என்று தேடுவதற்கு முன் எப்போது என்று கேளுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்ததும் நடந்த அரை மணி நேர நிகழ்ச்சியில், வாகனப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம் இது. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் கேள்வி பதில்களோடு வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



நம் பேஸ்மென்டில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். புது ஆட்டோமேட்டிக் கார்களுக்கு நடுவே வயதான கார்களும் நிறைய நிற்கின்றன. மாருதி 800 இருக்கிறது. அந்தக் கார் 1983-ல் வந்தது, 2014-ல் உற்பத்தி நின்றது. அப்படியென்றால் கடைசியாக வந்த 800-க்கே பத்து வயது தாண்டிவிட்டது. ஜென், சான்ட்ரோ, இண்டிகா, குவாலிஸ் எல்லாமும் இருக்கின்றன. எல்லாம் கியர் மாற்றி ஓட்டும் கார்கள். பல வீடுகளில் அது அப்பா வாங்கிய கார். ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் இன்னும் அதுதான் போகிறது.

சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்ற பேச்சு வீட்டில் அப்போதுதான் கிளம்பும். அந்த நேரம் பார்த்துக் காரில் ஒரு சத்தம் வந்துவிட்டால் போதும். “கியர்பாக்ஸ் போச்சாம், இனி செலவு செய்து பிரயோஜனம் இல்லை” என்று யாராவது ஒருவர் தீர்ப்பு சொல்லிவிடுவார். நல்ல கார் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். இன்னொரு பக்கம், “பழைய கார் என்றால் சத்தம் வரத்தானே செய்யும்” என்று விட்டுவிட்டு, ஒரு நாள் நடுரோட்டில் கியர் விழாமல் நிற்பவர்களும் உண்டு. இந்த இரண்டும் நமக்கு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

நான் சொல்லப்போவது ஒரே விஷயம்தான். கிளட்ச் பக்கம் சத்தம் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துத் தேடாதீர்கள். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பேஸ்மென்டில் எதிரொலி இருக்கும், பானெட் தகரம் அதிரும். ஓரிடத்துச் சத்தம் வேறிடத்தில் கேட்கும். காது இடத்தில் ஏமாறும், நேரத்தில் ஏமாறாது.

உள்ளே என்ன இருக்கிறது?

இதை மட்டும் இரண்டு நிமிடம் பொறுத்துக் கேளுங்கள். அப்புறம் எல்லாம் சுலபம்.

என்ஜினோடு சேர்ந்து எப்போதும் சுற்றும் கனமான சக்கரம் ஃபிளைவீல். அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கியிருப்பது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவே சாண்ட்விச்சில் வைத்த மாதிரி இருப்பது கிளட்ச் பிளேட். பெடலில் கால் வைக்காதபோது பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங், கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு இறுக்கிப் பிடித்திருக்கும். மூன்றும் ஒன்றாகச் சுற்றும். கிளட்ச் பிளேட்டின் நடுவே நுழைந்திருக்கும் தண்டுதான் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட். ஆகவே கார் நியூட்ரலில் நின்றுகொண்டிருந்தாலும், பெடலை விட்டிருந்தால் கியர்பாக்ஸின் உள்ளே இன்புட் ஷாஃப்ட்டும் அதன் பேரிங்குகளும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

பெடலை அழுத்தினால் கேபிளோ ஹைட்ராலிக்கோ ஒரு ஃபோர்க்கைத் தள்ளும். ஃபோர்க் ஒரு பேரிங்கைத் தள்ளும். அதற்குப் பெயர் ரிலீஸ் பேரிங். மெக்கானிக்குகள் சுருக்கமாகக் கிளட்ச் பேரிங் என்பார்கள். அது பிரஷர் பிளேட்டின் நடுவில் விரல் விரலாக இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்தும். பிடி விடும். கிளட்ச் பிளேட் தனியாகிவிடும், இன்புட் ஷாஃப்ட்டும் மெல்லச் சுற்றி நின்றுவிடும்.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான். பெடலை விட்டிருக்கும்போது கியர்பாக்ஸ் பேரிங் சுற்றுகிறது, ரிலீஸ் பேரிங்குக்கு வேலை இல்லை. பெடலை அழுத்தினால் ரிலீஸ் பேரிங்குக்கு வேலை வருகிறது, கியர்பாக்ஸ் பேரிங் ஓய்வெடுக்கிறது. ஒருவர் ஷிஃப்ட் முடிந்து போகும்போது மற்றவர் ஷிஃப்ட்டுக்கு வருகிற மாதிரி. எந்த ஷிஃப்ட்டில் சத்தம் என்று தெரிந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

பத்து நிமிடச் சோதனை

இதற்கு ஸ்பேனர் வேண்டாம், காரைத் தூக்க வேண்டாம். ஆனால் மூன்று நிபந்தனைகள். ஒன்று, பேஸ்மென்டில் செய்யாதீர்கள். மூடிய இடத்தில் என்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடையே கிடையாது. விசிட்டர் பார்க்கிங் பக்கம் திறந்த வெளியில் சமதரையில் நிறுத்துங்கள். இரண்டு, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிடுங்கள், காருக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. மூன்று, ஏ.சி., ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். ஏ.சி. கம்ப்ரசர் சத்தத்தைக் கிளட்ச் சத்தம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். முடிந்தால் ஒருவர் உள்ளே உட்கார, ஒருவர் வெளியே நின்று செல்போனில் பதிவு செய்யட்டும்.

முதல் படி: என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே பெடலைப் பத்து முறை அழுத்தி விடுங்கள். பழைய கதவு திறக்கிற மாதிரி ‘கிரீச்’ என்று கேட்டால், அது பெடல் புஷ், கேபிள், அல்லது ஃபோர்க் உட்காரும் இடம். எதுவும் சுற்றாதபோதே வரும் சத்தத்துக்கும் பேரிங்குக்கும் சம்பந்தம் இல்லை. பெடல் புஷ் என்றால் கிரீஸ் போட்டாலே சரியாகிவிடும். அழுத்தும்போது நறநறவென்று கரடுமுரடாக இருந்தால் கேபிளின் உள்கம்பி இழை இழையாகப் பிரிந்துகொண்டிருக்கலாம். அதை உடனே மாற்றிவிடுங்கள். கேபிள் அறுந்தால் கார் நின்ற இடத்தில் நின்றதுதான்.

இரண்டாம் படி: ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் விடுங்கள். காலை பெடலிலிருந்து முழுவதும் எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் கேளுங்கள்.

மூன்றாம் படி: காலை பெடலின் மேல் லேசாக வையுங்கள். அழுத்தக் கூடாது. பெடல் கொஞ்ச தூரம் சுமையே இல்லாமல் உள்ளே போகும், அதைத்தான் ஃப்ரீ பிளே என்கிறோம். அது முடிந்து லேசாகத் தட்டுப்படும் இடத்தில் நிறுத்துங்கள்.

நான்காம் படி: முழுக்க அழுத்தி, அழுத்தியபடியே ஐந்து ஆறு விநாடி வைத்திருங்கள். பிறகு மெதுவாக விடுங்கள்.

ஐந்தாம் படி: பிரேக்கில் ஒரு கால், கிளட்ச்சில் ஒரு கால். கிளட்ச்சை முழுக்க அழுத்தி முதல் கியரில் போடுங்கள். பெடலை விடாமல் கேளுங்கள்.

அவ்வளவுதான். இப்போது ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று பார்ப்போம்.

பெடலை விட்டால் சத்தம், முழுக்க அழுத்தினால் நிற்கிறது

‘கர்ர்ர்’ என்று ஒரே சீராக இரைந்து, முழுக்க அழுத்தியதும் தேய்ந்து நின்றுவிட்டால், சந்தேகம் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல். முதலில் கியர் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு பிளக் இருக்கும். அந்த ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். என்ஜின் ஆயில் மாற்றுபவர்கள் கியர் ஆயிலை வருடக்கணக்கில் பார்ப்பதே இல்லை. ஆயில் சீல் கசிந்து அளவு குறைந்திருந்தால் பேரிங் வறண்டு கத்தும். ஆயிலை வடிக்கும்போது உலோகத் துகள் பளபளவென்று வந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. சில கார்களில் ஃப்ரீ பிளே கிடையாது. ரிலீஸ் பேரிங் எப்போதும் விரல்களை லேசாகத் தொட்டுக்கொண்டே சுற்றும். அது தேய்ந்திருந்தால் காலை எடுத்த நிலையில் சலசலக்கும், அழுத்தினால் அடங்கும். பார்க்கக் கியர்பாக்ஸ் சத்தம் மாதிரியே இருக்கும். இங்கேதான் மூன்றாம் படி உதவுகிறது. காலை லேசாக வைத்ததுமே சத்தம் மாறினாலோ நின்றாலோ அது ரிலீஸ் பேரிங் அல்லது ஃபோர்க். லேசாக வைத்ததில் மாற்றமே இல்லை, முழுக்க அழுத்தி இன்புட் ஷாஃப்ட் நிற்கும்போதுதான் சத்தமும் நிற்கிறது என்றால் அது கியர்பாக்ஸ். பத்து நிமிடச் சோதனையில் இந்த ஒரு விநாடிதான் அதிகப் பணத்தை மிச்சப்படுத்துவது.

பெடலை அழுத்தினால் சத்தம், விட்டால் நிற்கிறது

இது நேர் எதிர். அழுத்தத் தொடங்கி, தட்டுப்படும் இடம் வந்ததும் ‘உய்ய்’ என்றோ ‘கரகர’ என்றோ கிளம்பினால் ரிலீஸ் பேரிங். இதுதான் மிகவும் சாதாரணமாக வருவது. பேரிங்கின் உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்துவிடுகிறது. அதைச் சீக்கிரம் காய வைப்பது நாம்தான். சிக்னலில் கியரில் போட்டு அழுத்தியபடியே நிற்பது, ஓட்டும்போது கிளட்ச்சைக் கால்மனையாகப் பயன்படுத்துவது, இரண்டும் அந்த பேரிங்குக்கு ஓவர்டைம்.

முழுக்க அழுத்தி நியூட்ரலில் இருக்கும்போது சத்தம் இல்லை, ஐந்தாம் படியில் கியரில் போட்டதும்தான் கீச்சிடுகிறது என்றால் பைலட் பேரிங்காக இருக்கலாம். அது இன்புட் ஷாஃப்ட்டின் நுனியை ஃபிளைவீல் பக்கத்தில் தாங்குவது. ஷாஃப்ட் நிற்க, என்ஜின் சுற்ற, இரண்டுக்கும் வேக வித்தியாசம் வரும்போதுதான் அது கத்தும். குவாலிஸ், சுமோ, ஜீப் போலப் பின்சக்கரம் தள்ளும் வண்டிகளில் இதைப் பாருங்கள். முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார்கள் பலவற்றில் இந்த பேரிங்கே கிடையாது.

நிற்கும்போது எதுவும் இல்லை, கிளம்பும்போது மட்டும்

முதல் கியரில் பெடலை விடும்போது கார் உதறிக்கொண்டு கிளம்பினால், கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், ஃபிளைவீல் முகம் சூட்டில் திட்டுத் திட்டாகியிருக்கலாம், அல்லது என்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம். மவுண்டிங்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போதும் ஆக்சிலரேட்டரை விடும்போதும் ‘டொக்’ என்று ஒரு தட்டு கேட்டால், கிளட்ச் பிளேட்டின் நடுவில் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம். என்ஜினின் அதிர்வைக் கியர்பாக்ஸுக்குப் போகவிடாமல் உள்வாங்குவது அவைதான். டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் தேய்ந்தாலும் இதே மாதிரி தட்டும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது ‘டக் டக்’ என்று வந்தால் அது டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்ட். கிளட்ச்சைக் குறை சொல்லாதீர்கள்.

ஓடும்போது வேகத்தோடு கூடிக்கொண்டே வரும் இரைச்சலும் அப்படித்தான். காலியான ரோட்டில் நியூட்ரலுக்கு மாற்றிய பிறகும் அது அப்படியே தொடர்ந்தால் வீல் பேரிங் அல்லது டயர் பக்கம் பாருங்கள்.

ரிவர்ஸ் போடும்போது ‘கர்ரக்’

பழைய கார்கள் பலவற்றில் ரிவர்ஸ் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. அவசரமாகப் போட்டால் பல்லும் பல்லும் உரசத்தான் செய்யும். ஆகவே கிளட்ச்சை முழுக்க அழுத்தி ஐந்து விநாடி காத்திருந்து போட்டுப் பாருங்கள். அப்போது சத்தமில்லாமல் விழுந்தால் காருக்குக் குறை இல்லை, அவசரம்தான் குறை. காத்திருந்தும் கர்ரக் என்றால் கிளட்ச் முழுதாகப் பிடி விடவில்லை. கேபிள் தளர்ந்து ஃப்ரீ பிளே அதிகமாகியிருக்கலாம். ஹைட்ராலிக் கார் என்றால் ஆயில் குறைந்திருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம்.

கேபிள் கார்கள் பலவற்றில் பெடலின் ஃப்ரீ பிளே ஏறக்குறைய 2 செ.மீ. இருக்கும். சரியான அளவு உங்கள் கார் கையேட்டில் இருக்கிறது. அதிகமானால் கிளட்ச் பிடி விடாது. இல்லாமலே போனால் பிடி சரியாக விழாது, ரிலீஸ் பேரிங்கும் ஓயாமல் சுற்றும். கேபிள் நட்டைத் திருப்பிச் சரிசெய்வது சின்ன வேலை. இதைப் பார்க்காமல் யாராவது “கிளட்ச் செட் மாத்தணும் சார்” என்றால், “முதலில் ஃப்ரீ பிளே பார்த்தீர்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள்.

எது அவசரம், எது காத்திருக்கலாம்?

பெடல் தானாக உள்ளே அமுங்கிக்கொண்டே போனாலோ, பாதி வழியில் மாட்டிக்கொண்டாலோ அன்றே நிறுத்துங்கள். கிளட்ச் விடாமல் கார் முன்னே இழுத்தாலும் அப்படித்தான். இது சத்தப் பிரச்சினை இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை. நம் கேட்டுக்கு வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

ரிலீஸ் பேரிங் லேசாக உய் என்பதை வைத்து அன்றே பயப்பட வேண்டாம். ஆனால் அது இரும்பில் இரும்பு உரசும் சத்தமாக மாறினால் தள்ளிப்போடாதீர்கள். பேரிங் இறுகிவிட்டால் பிரஷர் பிளேட்டின் விரல்களை அறுத்துவிடும். கியர்பாக்ஸ் பேரிங் இரைச்சலும் அதேபோலத்தான். பேரிங் ஆடத் தொடங்கினால் ஷாஃப்ட் நிலை தவறும், நன்றாக இருக்கும் கியர் பற்களும் கெடும். பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு கியர்பாக்ஸ் முழுவதற்கும் பரவுவது இப்படித்தான்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன சொல்ல வேண்டும்?

நாம் வழக்கமாகப் போனதும் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். “கிளட்ச் போயிருச்சு, மாத்திடுங்க.” அவரும் மாற்றிவிடுவார். சத்தம் அப்படியே இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைச் செய்தார்.

தீர்ப்பு சொல்லாதீர்கள், சாட்சி சொல்லுங்கள். “காலையில் குளிர்ந்திருக்கும்போது நியூட்ரலில், பெடலை விட்டிருந்தால் கர்ர்ர் என்கிறது. லேசாகக் கால் வைத்தால் மாறவில்லை. முழுக்க அழுத்தினால் மூன்று விநாடியில் நிற்கிறது.” இவ்வளவு சொன்னால் நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது. கூடவே பதிவு செய்ததையும் போட்டுக் காட்டுங்கள். சொல்லி வைத்தாற்போல ஒர்க்‌ஷாப் வாசலில் எந்தக் காரும் சத்தம் போடாது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். வயதான தம்பதி, காரை விற்கவே ஆள் பார்த்துவிட்டார்கள். முதல் படியிலேயே, என்ஜின் ஓடாதபோதே, கிரீச் கேட்டது. பெடல் புஷ் வறண்டிருந்தது. வேறொன்றும் இல்லை. எல்லாக் காருக்கும் இப்படி நல்ல முடிவு வராது. ஆனால் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் இறக்காமல் பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்துவிட வேண்டும்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்று உறுதியானால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம். செலவில் பெரும் பங்கு இறக்கி ஏற்றும் கூலி. ஆகவே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு ஆறு மாதத்தில் பிளேட்டுக்காக மறுபடி இறக்குவது இரட்டைக் கூலி. அப்போதே ஃபோர்க், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், ஃபிளைவீலின் முகம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புது கியர் ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். பழைய ஸ்பேர்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பேரிங்கைக் கையில் சுற்றினாலே தெரியும், நல்லது வழுக்கிக்கொண்டு சுற்றும், கெட்டது மணல் அரைக்கும். ஆனால் பழைய கிளட்ச்சின் தூசியை ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்.

கேள்விகள்

சார், என் கார் டீசல். ஐடிலிங்கில் கடகடவென்று கேட்கிறது, கிளட்ச்சை அழுத்தினால் நின்றுவிடுகிறது. வாங்கின நாளிலிருந்தே இப்படித்தான். கியர்பாக்ஸ் போய்விட்டதா?

வாங்கின நாளிலிருந்தே என்றீர்கள் பாருங்கள், பதில் அதில்தான் இருக்கிறது. டீசல் என்ஜின் விட்டு விட்டு உந்துவதால் நியூட்ரலில் கியர் பற்கள் ஒன்றையொன்று தட்டும். அது ‘கடகட’ என்றிருக்கும். பேரிங் சத்தம் ‘கர்ர்ர்’ என்று தொடர்ச்சியாக இழுக்கும். உங்கள் சத்தம் கூடாமல் அப்படியே இருந்தால் விட்டுவிடுங்கள். கூடியிருந்தால் முதலில் ஐடிலிங் சரியாக இருக்கிறதா, எல்லா சிலிண்டரும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடுத்து கிளட்ச் பிளேட் ஸ்பிரிங். கொஞ்சம் புதிய டீசல் கார்கள் சிலவற்றில் இரண்டு பகுதியாக அமைந்த ஃபிளைவீல் இருக்கும். அது தேய்ந்தால் ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் ‘தடதட’ என்று உதறும்.

சார், எனக்குச் சத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் நம் பேஸ்மென்ட் ராம்ப்பில் ஏறும்போது கருகின வாடை வருகிறது. அது பரவாயில்லையா?

அது சத்தத்தைவிட முக்கியம், மேடம். ராம்ப்பின் பாதியில் முன்னால் ஒரு கார் நின்றால், பிரேக் போடாமல் பாதிக் கிளட்ச்சிலேயே காரைப் பிடித்து நிறுத்துகிறோம். அந்த நேரம் முழுவதும் பிளேட் உரசி எரிகிறது. ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள். கிளம்பும்போது கிளட்ச் பிடிப்பதை உணர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். அப்படி ஓட்டியும் வாடை வந்தால், அல்லது ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது என்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால், கிளட்ச் வழுக்குகிறது.

அதற்கும் ஒரு சோதனை உண்டு. சமதரையில், எதிரே யாரும் இல்லாமல், ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, பிரேக்கிலும் கால் வைத்து, மூன்றாம் கியரில் கிளட்ச்சை விடுங்கள். என்ஜின் உடனே அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் முடிந்துவிட்டது. ஒரே ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் போய்விடும்.

ஐயா, அப்பாவுடைய கார் பத்தொன்பது வயது. கிளட்ச், கியர்பாக்ஸ் பேரிங் இரண்டுமே செய்ய வேண்டும் என்கிறார்கள். செய்வதா, விற்பதா? வீட்டில் இரண்டு கட்சி.

கட்சி எனக்கு வேண்டாம், தம்பி. கணக்கு மட்டும் சொல்கிறேன். கிளட்ச்சை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள், தரையை வைத்து முடிவு செய்யுங்கள். காரைத் தூக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். ஃபுளோர், கதவுக்குக் கீழே உள்ள பகுதி, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் அந்தச் செலவுக்கு முடிவே இல்லை. அங்கே உறுதியாக இருந்து, என்ஜின் புகையாமல், ஆயில் குடிக்காமல் இருந்தால், கிளட்ச் என்பது டயர் மாதிரி தேய்ந்தால் மாற்றும் பொருள்தான். ஆர்.சி. இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது, மாதம் எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பிறகு இரண்டு இடத்தில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள், கூலி தனி, ஸ்பேர் தனி. அதற்கப்புறம் விற்றாலும் சரிதான். சத்தத்துக்குப் பயந்து மட்டும் விற்காதீர்கள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, ஒன்பதுக்கு முன்னால் வேண்டாம், மேலே தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள், விசிட்டர் பார்க்கிங்கில் இருப்பேன். சத்தம் உள்ளவர்கள் காரைக் கொண்டுவாருங்கள். நான் ரிப்பேர் செய்ய மாட்டேன். நீங்கள் பெடலை அழுத்த, நான் கூட நின்று கேட்கிறேன். எழுதிக்கொள்ள ஒரு பேப்பரும் பேனாவும் கொண்டுவாருங்கள், அது போதும்.



கையுறைப் பெட்டியில் வைத்துக்கொள்ள

என்ஜின் ஓடாதபோதே கிரீச்: பெடல் புஷ், கேபிள், ஃபோர்க்.
காலை லேசாக வைத்ததும் சத்தம் மாறுகிறது: ரிலீஸ் பேரிங், ஃபோர்க்.
விட்டால் கர்ர்ர், முழுக்க அழுத்தினால்தான் நிற்கிறது: கியர் ஆயில், பிறகு இன்புட் ஷாஃப்ட் பேரிங்.
அழுத்தினால் மட்டும் சத்தம்: ரிலீஸ் பேரிங்.
அழுத்தி, கியரில் போட்டால் மட்டும் சத்தம்: பைலட் பேரிங்.
காத்திருந்து போட்டும் ரிவர்ஸ் கரகர: ஃப்ரீ பிளே, ஹைட்ராலிக் ஆயில்.
கிளம்பும்போது உதறல்: முதலில் என்ஜின் மவுண்டிங், பிறகு கிளட்ச் பிளேட்.
பெடல் அமுங்குகிறது அல்லது மாட்டிக்கொள்கிறது: இன்றே நிறுத்துங்கள்.